குதிக்காத நீலச்சட்டைக்காரன்

"போர்டு போச்சுன்னா புதுசா மாத்திட வேண்டியதுதானே சார்? அதுல போயி என்னாத்த கண்டுபுடிக்கறது?"

இன்வெர்ட்டர் சர்வீஸில் என்னோடு கடைசிக் காலத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், எங்கள் பழைய ஊழியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் இப்படிக் கேட்டார். காலையில் பையைத் தோளில் மாட்டினால் இருட்டும் வரை வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். அவர் கேள்வியில் தவறில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போயிற்று. அத்தனை நீளத்தைக் கைபேசியில் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். மாற்றுவதற்கு இன்னொரு போர்டு எங்கும் கிடைக்காது, அந்த ஒரு போர்டை நம்பி ஒரு ஓட்டலின் பெயர் காத்துக்கொண்டிருக்கிறது என்றால் என்ன செய்வது? சென்ற ஆவணியில் எனக்கு அந்த நிலைமை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் தனியாகச் சிரிக்கிறேன். என் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐ.டி.ஐ. முடித்தேன். தர்மபுரியில் ஒரு ரேடியோ கடையில் கொஞ்ச காலம் ஈயப் புகையை முகர்ந்தேன். பிறகு ஓசூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்தேன். பஸ் நிலையங்களின் பக்கம், சினிமா தியேட்டர் வாசலில், பொருட்காட்சித் திடலில் எல்லாம் அப்போது வீடியோ கேம் மெஷின்கள் நின்றன. ஆள் உயர மரப்பெட்டி. முன்னால் ஒரு டிவி திரை. அதன் கீழே இரண்டு பேர் ஆட இரண்டு கைப்பிடிகள், சில பொத்தான்கள். முதுகுக் கதவைத் திறந்தால், ஒரு பக்கச் சுவரில் செங்குத்தாகத் திருகி வைத்த பச்சைநிற போர்டு. ஆட்டம் முழுக்க அந்தப் போர்டில்தான் இருக்கும். அதைச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

எங்களுக்குத் தலைமை மெக்கானிக் வெங்கடரமணப்பா சார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் பிரஷ் எப்போதும் செருகியிருக்கும். போர்டில் படிந்த தூசியைத் தட்ட. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய வரிசையை யாராவது மீறினால் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அது திட்டைவிட மோசம்.

அந்த வரிசை இது. முதலில் ஆட்டம். பழுதான மெஷின் முன்னால் நின்று, கோளாறு தென்படும் வரை ஆட வேண்டும். "மொதல்ல ஆடு. அது என்னா சொல்லுதுன்னு கேளப்பா. நோடு. கைய கட்டிக்கிட்டு நோடு," என்பார். நோடு என்றால் கன்னடத்தில் பார். இரண்டாவது, மின்சாரம். அதைச் சப்ளைப் பெட்டியின் வாயில் அளக்கக்கூடாது. போர்டு வரை வந்து சேர்ந்ததா என்று போர்டின் மேலேயே அளக்க வேண்டும். மூன்றாவது, கழற்றி மாட்டும் இணைப்புகள் ஒவ்வொன்றும். நான்காவது, சிப்புகளின் கால்களில் துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. சாலிடரிங் அயர்ன் கடைசி. அதை மின்சாரத்தில் செருகும் முன் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"என்னா கோளாறுன்னு வாயால சொல்லு. சொல்ல வந்துச்சுன்னா சூடு போடு. சொல்ல வரலைன்னா டீ குடி."

போர்டை வெறும் விரலால் தொட அவரிடம் அனுமதி கிடையாது. விரல் வியர்வை உப்பு, அது செம்பைத் தின்னும் என்பார். ஓரங்களை மட்டும் பிடித்து, சுட்ட அப்பளத்தைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும்.

பாலக்கோட்டில் ஒரு கடையில் மெஷின் அடிக்கடி அணைந்து உயிர்பெற்றது. கடைக்காரர் பேய் என்று முடிவு செய்து எலுமிச்சம்பழம் கட்டிவிட்டிருந்தார். சார் போய் நின்று ஆடினார். ஆடினார், ஆடிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் என்னைத் தனியே இழுத்துக் கேட்டார்: "இவுரு சரி பண்ண வந்தவருங்களா, ஆட வந்தவருங்களா?" அதற்குள் சார் திரும்பாமலே சொன்னார்: "மாரண்டஹள்ளி பஸ்சுக்கு அணையல. ஓசூர் பஸ்சுக்குத்தான் அணையுது." ஓசூர் பஸ் மட்டும் கடையின் பின்சுவரை ஒட்டி, இன்ஜினை அணைக்காமல் நிற்கும். சுவர் அதிரும், தளர்ந்திருந்த ஓர் இணைப்பும் சேர்ந்து அதிரும். அழுத்திச் செருகினார். வேலை முடிந்தது. கடைக்காரர் மட்டும் எலுமிச்சம்பழத்தை அவிழ்க்க மறுத்துவிட்டார்.

பிறகு வீட்டு டிவியில் மாட்டும் கேம்கள் வந்தன, கைபேசி வந்தது, கம்பெனி மூடப்பட்டது. நான் இன்வெர்ட்டர் பக்கம் போய், அங்கேயே ஓய்வு பெற்று, நல்லம்பள்ளியில் வீட்டோடு இருக்கிறேன். நிறையப் படிக்கிறேன். என்ன நடந்தாலும் மாதம் கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது: முனிராஜ் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியது ஆடி கழிந்து, ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை.

"வீடியோ கேம் ரிப்பேர் பண்றவரு வூடு இதானுங்களா?"

எவ்வளவு காலமாயிற்று அந்தக் கேள்வியைக் கேட்டு! சட்டையை மாட்டிக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமலே பைக்கில் ஏறிவிட்டேன்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு புது ஓட்டல். சுண்ணாம்பு வாசனை போகவில்லை. வாசலுக்கு மேலே வெள்ளை அடித்த பெரிய பெயர்ப்பலகை. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அதன் கீழே பெயின்டர் ஒருவர் ஏணியில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது அந்த மெஷின். பழைய நண்பனைப் பார்த்ததுபோல நான் சிரித்தேன்.

முனிராஜின் அக்கா மாதம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கதை அவர் வாயாலேயே வந்தது.

"சார், இருவது வருசமா கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் சமைக்கறது நானு. ஆர்டர் புடிக்கறது இவன். ஊரெல்லாம் என்னா சொல்லுது? முனிராஜ் சமையல். முனிராஜ் சாம்பார். இவனுக்குப் பருப்பு வேவுதா வேவலையான்னு பாக்கத் தெரியாதுங்க சார்! இப்ப கடைக்கும் இவன் பேரு வெக்கணுமாம்."

"பேரு ஏற்கெனவே பரவிக் கெடக்குது, அதனால சொன்னேன்," என்றான் முனிராஜ்.

"என் சாம்பார்லதானடா பரவுச்சு?"

சண்டை பல வாரங்களாக ஓடியிருக்கிறது. கடைசியில் முனிராஜ் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். சிறுவயதில் மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரிக்கு வரும்போதெல்லாம் அக்காவும் தம்பியும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஆடிய அதே மெஷின், அந்தக் கடைக்காரர் வீட்டில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது. அதைக் கொண்டுவருவோம், ஒரே ஓர் ஆட்டம், யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் பெயர் பலகையில். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் திறப்பு. அதற்குள் பெயர் எழுத வேண்டும்.

ஆட்டம் எளிமையானது. காட்டுக்குள் ஓடும் இரண்டு வீரர்கள். முதல் ஆளுக்குச் சிவப்புச் சட்டை, இரண்டாம் ஆளுக்கு நீலச் சட்டை. அரக்கர்களைக் குத்த ஒரு பொத்தான். பள்ளங்களைத் தாண்ட ஒரு பொத்தான்.

"எனக்குப் பள்ளம் தாண்ட வராதுங்க," என்றார் மாதம்மாள். குரல் சற்றுத் தணிந்தது. "சின்னதுலேருந்தே வராது. இப்ப வளந்துட்டமே, வரும்னு நெனச்சேன். பொத்தான அமுக்கறேன், நீலச்சட்டைக்காரன் பேசாம நடந்து போயி பள்ளத்துல வுழறான். மெசினு சரியில்லைங்கறேன் நானு."

"மெசின் நல்லாத்தான் இருக்குது. கைதான் சரியில்ல," என்றான் முனிராஜ்.

"அப்படியென்றால் இடம் மாறி ஆடலாமே?" என்று நான் கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள்.

"மொத ஆளு எப்பவும் நாந்தானுங்க!"

"அவன் எடம் எனக்கெதுக்குங்க? என் எடத்துல நின்னு ஜெயிக்கோணும்!"

சரி, வரிசைப்படி போவோம் என்று முதலில் ஆடினேன். நீலச்சட்டைக்காரன் ஓடினான், குத்தினான், குனிந்தான். குதிக்கவில்லை. போர்டில் மின்சாரத்தை அளந்தேன், சரி. பொத்தானைக் கழற்றி அளந்தேன், சரி. கம்பி சரி, இணைப்பு சரி. முதுகுக் கதவைத் திறந்து போர்டைப் பார்த்தேன். பெரிய சிப்பின் நடுவில், காய்ந்து கறுத்த சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும். எனக்கு மெய் சிலிர்த்தது. வெங்கடரமணப்பா சார் வைத்தது! எங்கள் கம்பெனி மெஷின் என்பதற்கு அதைவிட வேறு முத்திரை வேண்டியதில்லை. கையெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போர்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டு மேசையில் பழைய டிவியோடும் கைப்பிடியோடும் மாட்டிப் பார்த்தால் நீலச்சட்டைக்காரன் தவளைபோலக் குதித்தான். பிற்பகலில் ஓட்டலுக்குக் கொண்டுபோய் மாட்டினேன். அங்கேயும் குதித்தான். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. வடை, டீ, மரியாதை எல்லாம் நடந்தது. மறுநாள் காலை போன்.

"சார், மறுக்காவும் நிக்கறானுங்க."

போனேன். நின்றான். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குதித்தான். பிற்பகல் கொண்டுபோனேன். குதித்தான். அடுத்த காலை, நின்றான். "சார் வூட்டுல சோறு நல்லா இருக்குதாட்டம் இருக்குது, அங்கதான் குதிக்கறான்," என்றார் பெயின்டர். அவருக்கு என்ன கவலை? மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. வியாழக்கிழமை வந்துவிட்டது. நான் ஒவ்வொரு முறை தோற்கும்போதும், மாதம்மாள் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

கோளாறு என்ன என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். சொல்ல வரவில்லை. எனவே சார் சொன்னபடி டீ குடித்தேன். மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு, ஒரு கையில் டம்ளர், மறு கையில் நீலச்சட்டைக்காரன். அன்று சமையல் தாமதம். காலையாக இருந்தும் அவன் குதித்துக்கொண்டுதான் இருந்தான். உள்ளே மாதம்மாள் இட்லிப் பானையின் மூடியைத் திறந்தார். ஆவி பொங்கிக் கதவு வழியாக வந்து என் கண்ணாடியை மூடியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நீலச்சட்டைக்காரன் நின்றுவிட்டான்.

டம்ளரைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று தெரியாது.

"அம்மா! மூடுங்க!"

"இட்லி எடுக்க வேணாமுங்களா?"

"மூடுங்கம்மா, மூடுங்க! முனிராஜ், அந்த டேபிள் ஃபேனைக் கொண்டா!"

முதுகுக் கதவைத் திறந்து ஃபேனைக் காட்டினோம். சிறிது நேரத்தில் குதித்தான். "இப்போது திறங்க!" என்றேன். ஆவி வந்தது. நின்றான். "மூடுங்க!" ஃபேன். குதித்தான். "தெறங்க!" என்று இப்போது பெயின்டரும் சேர்ந்து கத்தினார். காய்கறி இறக்க வந்த டெம்போக்காரர் என்ன விஷயம் என்று தெரியாமலே "மூடுங்க!" என்றார். அந்த ஈட்டு இட்லி கல்லாகிவிட்டது. யாருக்கும் வருத்தமில்லை.

போர்டைக் கழற்றி மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இம்முறை கும்பிடவில்லை, பார்த்தேன். பொட்டின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய மஞ்சள் கோடு இறங்கியிருந்தது. பெரிய சிப்பைக் கடந்து, அதற்குக் கீழே இருந்த சிறிய சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவில் போய்க் காய்ந்திருந்தது.

வெறும் விரலால் போர்டைத் தொட விடாத வெங்கடரமணப்பா சார், ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று மட்டும், குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு போர்டுக்கும் தன் மோதிர விரலால் பொட்டு வைப்பார். இடத்தைக் கணக்குப் பார்த்துத்தான் வைப்பார்: சிப்பின் முதுகு வெறும் பிளாஸ்டிக், அங்கே எதுவும் ஆகாது. ஆனால் வைக்கும்போது போர்டு மேசையில் படுத்திருக்கும். பொட்டு காய்வதற்குள் நாங்கள் அதைப் பெட்டிக்குள் நிமிர்த்தித் திருகிவிடுவோம். ஈரச் சந்தனம் என்ன செய்யும்? வழிந்தது. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம்.

அந்த இரண்டு கால்களில் ஒன்று நீலச்சட்டைக்காரனின் குதிக்கும் பொத்தானுக்கு உரியது; மற்றது பூமிக்கம்பி, அதாவது எர்த். நடுவில் வழிந்த சந்தனம் காய்ந்திருந்தால் தொந்தரவில்லை. ஆவியில் ஈரமானால் இரண்டையும் இணைத்துவிடும். உடனே போர்டு, பொத்தானை யாரோ அழுத்திப் பிடித்திருப்பதாக எண்ணிக்கொள்ளும். வகுப்பில் எந்நேரமும் கையைத் தூக்கியே வைத்திருக்கும் மாணவன், விடை தெரிந்து தூக்கும்போது மட்டும் ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? விட்டு அழுத்தினால்தான் குதி. விட்டதே இல்லையே!

இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாதம்மாளின் முகம் மாறியது.

"டேய் முனிராஜு. அந்த பஸ் ஸ்டாண்டு கடைக்குப் பக்கத்துல என்னாடா இருந்துச்சு?"

முனிராஜ் தரையைப் பார்த்தான். "டீக்கடை."

"டீக்கடைல என்னா இருந்துச்சு?"

"பாய்லரு."

"எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நம்ம மெசினுக்கு நேரா."

அந்தக் கடையிலிருந்து எங்களுக்குப் புகாரே வந்ததில்லை. தோற்றவர்கள் எல்லோரும் பொத்தான் சரியில்லை என்றுதான் சொல்வார்கள். எந்தக் கடைக்காரர் அதைக் காதில் வாங்குவார்?

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?" என்றான் முனிராஜ், மெதுவாக.

"பாய்லரு ஜெயிச்சதுடா!" என்று மாதம்மாள் கரண்டியால் மேசையைத் தட்டினார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. "எனக்குக் குதிக்க வரும்! வருமுங்க சார், எனக்கு வரும்!"

கோளாறை வாயால் சொல்ல வந்துவிட்டது. ஆனால் சூடு போடத் தேவையே இல்லை. ஸ்பிரிட், ஒரு பல்துலக்கும் பிரஷ், பொறுமை. சுத்தம் செய்த இடத்தில் செம்பு பளபளவென்று தெரிந்தது. பொட்டை அழித்த உறுத்தலுக்கு, மரப்பெட்டியின் வெளி நெற்றியில் புதிதாக ஒன்று வைத்தேன். அங்கிருந்து எங்கே வழிந்தாலும் பரவாயில்லை. இதற்கிடையில் முனிராஜ் என்னைக் கை கழுவும் இடத்துக்கு அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தினான்.

"சார், சாமி விசயம் பாருங்க. அந்தப் பொட்ட பழைய எடத்துலயே வெச்சுட்டா நல்லதில்லீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை, மாவிலைத் தோரணத்தின் கீழே போட்டி. முனிராஜ் ஒரு நிபந்தனை வைத்தான்: "இட்லிப் பானை அடுப்புல இருக்கோணும். அக்கா வழக்கமா ஆடறாப்ல." மாதம்மாள், "ரெண்டு பானை வெக்கறேன் வாடா," என்றார். அப்படியே வைத்தார். ஆவி திரண்டு வந்தது. நான் சாமி படத்தையும் பார்க்காமல் போர்டையும் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் தொடங்கியது. இருவர் கையும் துருப்பிடித்திருந்தது. அரக்கர்கள் ஆளுக்குச் சமமாக உதைத்தார்கள். கடைசி உயிரோடு இருவரும் சேர்ந்து முதல் பள்ளத்துக்கு வந்தார்கள். மாதம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

நீலச்சட்டைக்காரன் எழும்பினான். வானத்தில் ஒரு வளைவு போட்டு, அந்தக் கரையில் இறங்கி நின்றான்.

"தாண்டிட்டக்கா!" என்று முதலில் கத்தியது முனிராஜ்தான். கத்தியவன், பக்கத்தில் குதித்தவனையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சிவப்புச்சட்டைக்காரன் நிதானமாக நடந்துபோய்ப் பள்ளத்துக்குள் விழுந்தான்.

அவ்வளவுதான் போட்டி. புள்ளிகளைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. மாதம்மாளுக்குச் சுத்தமாக இல்லை. அவர் நிறுத்தவில்லை. அடுத்த பள்ளம், அதற்கடுத்த பள்ளம். பள்ளமே இல்லாத இடத்திலும் குதித்தார். நீலச்சட்டைக்காரனோடு சேர்ந்து அவர் குதிகாலும் தரையிலிருந்து எழும்பியது.

"பேரு சொல்லுங்கம்மா, நல்ல நேரம் போவுது," என்று பெயின்டர் ஏணியிலிருந்து குரல் கொடுத்தார். மாதம்மாள் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார். விழவில்லை. கடைசியில் முனிராஜ் வெளியே போய், இடுப்பில் கைவைத்துப் பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"மாதம்மாள்னு எழுதுங்க," என்றான். "மெல்லிசா கில்லிசா எழுதிப்புடாதீங்க. லாரிக்காரன் வண்டிய நிறுத்தாமயே படிக்கோணும்."

பெயின்டர் பிரஷை நனைத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய் முனிராஜு! இட்லிய எறக்குடா! என்னால இப்ப வர முடியாது!"